அடுப்படிக் கூரைக் கற்கள்

புயலுக்குப் பேர் வைத்திருந்தார்கள். டீவியில் அந்தப் பேரை அப்படிக் கொஞ்சிக் கொஞ்சிச் சொன்னார்கள், ஏதோ தங்கள் வீட்டுப் பிள்ளைக்குக் காது குத்துகிற மாதிரி. எங்கம்மாவைப் புதைத்த இடத்தில் இரண்டு குச்சியைக் குறுக்கே கட்டிய சிலுவைதான் நின்றது. அதில் பேர் கிடையாது. புதைத்த மண் நன்றாக அமுங்கின பிறகுதான் கல்லறை கட்டவேண்டுமாம், பேரும் அப்போதுதானாம். கடலில் சுற்றுகிற காற்றுக்கு உடனே பேர் கிடைத்துவிடுகிறது. காலமெல்லாம் கொழுந்து பறித்தவள் மட்டும் மண் அமுங்குகிற வரைக்கும் காத்துக் கிடக்கவேண்டும்.

காலையிலேயே எச்சரிக்கை ஜீப் வந்தது. மேலே ஒலிபெருக்கி கட்டி, பதிவு பண்ணின குரலை ஓடவிட்டிருந்தார்கள். மீனவர்கள் யாரும் கடலுக்குப் போகவேண்டாம் என்றது அந்தக் குரல். குன்னூருக்கு மேலே, தேயிலைக்கு நடுவில் எஸ்டேட் வரிசையாகக் கட்டிவிட்ட எங்கள் லைன் வீடுகளில் பாதிப் பேர் கடலையே பார்த்ததில்லை. அடுத்ததாக, தாழ்வான இடத்தில் இருப்பவர்கள் மேடான இடத்துக்குப் போகச் சொன்னது. பக்கத்து வீட்டு அண்ணன் வாசலில் பல் விளக்கிக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க டிரைவரு, இதுக்கு மேல மேடுன்னா தொர பங்களாதான். போயிக் கதவத் தட்டட்டுங்களா?" என்று கேட்டார்.

டிரைவர் சிரிக்கவில்லை. அவருக்கு இன்னும் எத்தனையோ எஸ்டேட் பாக்கி இருந்தது. பட்டணத்துக்குப் பேசின குரலையே மலைக்கும் கொண்டுவந்துவிட்டார்கள். இங்கே கடல் வந்து அடிக்காது. மண்தான் இறங்கும். மேட்டில் இருப்பவன்தான் கீழே வருவான்.

மத்தியானம் அத்தை குடையும் கையுமாக வந்து இறங்கினாள். அப்பாவுக்கு அக்கா, குன்னூரில் மார்க்கெட் பக்கம் குடியிருக்கிறாள். தாயில்லாத பிள்ளையைத் தனியாக விட மனசு கேட்கவில்லை என்று லைன் முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னாள். அவள் வீட்டுக்குப் பின்னால் இருக்கிற தடுப்புச் சுவர் போன மழையிலேயே வயிறு தள்ளி நிற்கிறது. அதை யாரிடமும் சொல்லவில்லை. அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது ஒரு நாள் எட்டிப் பார்க்காத மனசு அது.

வந்ததும் அதிகாரம் ஆரம்பித்தது. மெழுகுவத்தி வாங்கினாயா, தண்ணீர் பிடித்தாயா என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். எல்லாம் முடிந்திருந்தது. கவாத்தில் வெட்டிப் போட்ட தேயிலைக் குச்சியை, மார் என்போம், விறகுக்காக உள்ளே அடுக்கியிருந்தேன். ஊற்றிலிருந்து வருகிற குழாயை மழை முதல் வேலையாகப் பிடுங்கிக்கொண்டு போகும் என்று குடம், வாளி, குக்கர் வரைக்கும் நிரப்பியிருந்தேன். தீப்பெட்டியைப் பிளாஸ்டிக் கவரில் சுற்றி அரிசிக்குள் புதைத்து வைத்திருந்தேன். இதெல்லாம் அம்மா செய்வது. எட்டாவதோடு நின்ற எனக்குப் பள்ளிக்கூடத்தில் படித்தது எதுவும் ஞாபகம் இல்லை, இது மட்டும் கை தானாகச் செய்தது.

அப்பா டீவி முன்னால் உட்கார்ந்திருந்தார். அம்மா போனதிலிருந்து அவருக்குப் பேச்சே இல்லை. புயல் எங்கே நிற்கிறது என்று காட்டுகிற சிவப்பு வட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தாரே தவிர, எழுந்து ஒரு சாமானை நகர்த்தவில்லை. துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லாம், மனுஷன் உடைந்துபோய்விட்டார் என்று உச்சுக்கொட்டினார்கள். உடைந்த மனுஷன் மூன்று வேளையும் சாப்பிட்டார். அதைச் சமைக்கிறவள் எந்த நேரத்தில் உடைவது?

எங்களிடம் ஒரே ஒரு தார்ப்பாய் இருந்தது. போன வருஷ மழைக்கு ஒரு கட்சிக்காரர் கொடுத்தது. அதை ஆறு பேர் சேர்ந்து பிடித்துக்கொண்டு ஃபோட்டோ எடுத்தார்கள், ஏதோ யானைக்குட்டியைத் தானம் பண்ணுகிற மாதிரி. எங்கள் அடுப்படித் தகரம் துருப்பிடித்தது. அதன்மேல் அந்தத் தார்ப்பாயை விரித்து, அதன்மேல் கல் வைத்திருந்தோம். ஓடையில் தேடித் தேடி அம்மா பொறுக்கி வந்த தட்டைக் கற்கள். தகரம் பறக்காமல் அதுதான் அழுத்திப் பிடித்திருந்தது.

கல்லறைத் தோட்டம் லைனுக்குக் கீழே சரிவில் இருக்கிறது. அம்மா கடைசி வரிசையில் இருக்கிறாள், அதற்கப்புறம் ஓடைதான். கல்லறைத் திருநாளுக்கு வைத்த சாமந்தி இன்னும் மக்கவில்லை. அந்தப் புது மண்ணுக்குள் மழை இறங்கினால் என்ன நடக்கும் என்று மலையில் பிறந்தவர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. கோயில் உபதேசியாரிடம் போய்ச் சொன்னேன். ஜெபம் பண்ணச் சொன்னார். அவர் வீட்டுக் கூரைக்கு மட்டும் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டிருந்தார்.

நான் கூரைமேல் ஏறித் தார்ப்பாயை உருவினேன். அத்தை கீழே வந்து நின்றாள்.

"ஏண்டி, எறங்குடி. அத எங்க கொண்டு போற?"

"அம்மாவுக்குங்க."

"செத்தவளுக்குச் சளியா புடிக்கப் போவுது? இருக்கறவங்க நனையோணுமாக்கும்?"

"நீங்கதான் கொட கொண்டாந்திருக்கீங்களே அத்த. விரிச்சுக்குங்க."

கல் இல்லாத தார்ப்பாய் பட்டம் மாதிரிப் பறந்துவிடும். ஓடையில் தட்டைக் கல்லாகத் தேட நேரமில்லை, அடுத்தவர்கள் கல்லறையிலிருந்து கல் எடுக்கக் கூடாது. ஆகவே கூரைமேல் இருந்ததையே எடுத்தேன். அம்மாவின் கொழுந்துப் பையில் போட்டு முதுகில் மாட்டிக்கொண்டு, வீட்டுக்கும் கல்லறைக்குமாக மேலும் கீழும் நடந்தேன். ஒரு தடவை அப்பா டீவியிலிருந்து தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். பார்த்துவிட்டு மறுபடியும் வட்டத்துக்கே போய்விட்டார். இதற்குக்கூட எழுந்து வரமாட்டாயா என்று கேட்க வாய் வரைக்கும் வந்தது. கேட்கவில்லை. கல் கனமாக இருந்தது.

புயல் எங்கோ கரையைக் கடந்தது. எங்களுக்கு அதன் வால் மட்டும்தான் வந்தது, அதுவே போதுமாக இருந்தது. இருட்டினதும் கரண்ட் போனது. கொஞ்ச நேரத்தில் அடுப்படித் தகரம் சடசடவென்று அடித்தது, காற்று அதை ஒரே தூக்காகத் தூக்கிக்கொண்டு போனது. அந்த வழியாகச் சாரல் உள்ளே அடிக்க, அத்தை கட்டில்மேல் ஏறி நிஜமாகவே குடையை விரித்துக்கொண்டாள். ஜெபமாலையை உருட்டினாள். ஒரு மணிக்கு ஒரு ஜெபம், ஒரு ஜெபத்துக்கு என்னை ஒரு திட்டு. அது என் காதில் விழவில்லை. மேலே கொட்டுகிற தண்ணீர் எல்லாம் சரிவில் இறங்கி எங்கே போகும் என்பது மட்டும்தான் மனசில் ஓடியது.

விடிந்ததும் பார்த்தால் அப்பா இடத்தில் இல்லை. எங்கே போயிருப்பார் என்று தெரிந்தது. நான் போகவில்லை. அத்தையிடம் அப்படி வாயாடினவளுக்குக் கால் எழவில்லை. மண்ணோடு மண்ணாக அம்மா ஓடையில் போயிருந்தால் அதை நான் பார்க்கமாட்டேன். நனைந்த விறகுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தேன். அப்பா திரும்பி வந்தபோது முழங்கால் வரைக்கும் சேறு. நான் கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடும். அவரும் சொல்லவில்லை.

அப்புறம் அதே ஜீப் வந்தது, சேதம் பார்க்க. மழைக்கோட்டு போட்ட ஒரு ஆபீஸர் இறங்கி, இல்லாத கூரையை அண்ணாந்து பார்த்தார்.

"மேல கல்லு ஏதும் வெக்கலீங்களா?"

"வெச்ச கல்லச் சொமந்துட்டுப் போனவள கேளுங்க. இங்கதான் நிக்கறா" என்றாள் அத்தை.

அவர் அதைக் காதில் வாங்கவில்லை. தலைக்கு இவ்வளவு அரிசி என்று கொடுக்க வந்தவர் அவர். வீட்டில் மொத்தம் எத்தனை பேர் என்று அப்பாவைக் கேட்டார்.

"மூணு பேருங்க" என்றார் அப்பா. எத்தனையோ நாளுக்கு அப்புறம் கேட்ட அந்தக் குரல் கரகரத்தது.

ஆபீஸர் அத்தையைப் பார்த்தார்.

"என்னையச் சேக்காதீங்க. நான் குன்னூருங்க, அடுத்த பஸ்ஸுக்கே கெளம்பிருவனுங்க."

"அப்ப மூணாவது ஆளு எங்கீங்க?"

அப்பா சரிவுப் பக்கம் கையை நீட்டினார்.

"கீழ இருக்கறாளுங்க. நனையலீங்க."

அந்த ஆள் கல்லறைத் தோட்டத்தைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார், இரண்டு பேருக்கு அரிசி அளந்து போட்டுவிட்டு ஜீப்பில் ஏறிக்கொண்டார். வளைவில் திரும்பும்போது ஒலிபெருக்கி மறுபடியும் மீனவர்களைக் கூப்பிட ஆரம்பித்தது.

நான் அடுப்படிக்குப் போனேன். மேலே வெறும் வானம். தேயிலை மார் எல்லாம் ஊறிப்போயிருந்தது, தீப் பிடிக்க ரொம்ப நேரம் ஆகும். அப்பாவுக்கு டீ வைக்கவேண்டும். மூடி வைத்திருந்த பழைய அரிசிப் பானைக்குள் கையை விட்டேன். தீப்பெட்டி காய்ந்தே கிடந்தது.