பொட்டு வைத்த டிஸ்க்

எங்கள் வீட்டுக் கணினிக்கு ஞாபகசக்தி கொஞ்சம் கம்மி. அண்ணன் கல்லூரியில் படிக்கும்போது அப்பா யாரிடமோ பழசாக வாங்கி வந்தது. விண்டோஸ் ஏறி உட்கார்ந்துவிட்டால் எங்கள் போர் விளையாட்டுக்கு அதில் இடம் இருக்காது. அதனால் அண்ணன் ஒரு ஃபிளாப்பியில் பூட் டிஸ்க் செய்து வைத்திருந்தான். அதைச் செருகிவிட்டுக் கணினியைப் போட்டால், விண்டோஸை எழுப்பாமலே நேராக விளையாட்டு வந்து நிற்கும். பாதியில் நிறுத்திய ஆட்டமும் அந்த டிஸ்க்கில்தான் இருந்தது.

அவனுக்குச் சிவப்பு ராஜ்ஜியம், எனக்கு நீலம். அவன் படைகளை நகர்த்திவிட்டு நாற்காலியிலிருந்து எழுந்தால் நான் உட்கார வேண்டும். நினைத்திருந்தால் என் கோட்டைகளை அவன் ஒரே நாளில் பிடித்திருக்கலாம். ஆனாலும் ஆட்டம் மாதக்கணக்கில் ஓடியது. அது எப்படி என்று நான் யோசித்ததில்லை.

பினாங்கில் தொழிற்சாலை வேலை கிடைத்து அவன் புறப்பட்ட அன்று, ஆட்டத்தில் அவனுடைய முறை. வாசலில் டாக்சி ஹார்ன் அடித்தது. சேவ் செய்துவிட்டு எழுந்தான்.

"தீபாவளிக்கு வரேன் லா. என் டர்ன்ல கை வைக்காத, சரியா?"

நான் கை வைக்கவில்லை. அப்பாவுக்கு ரயில்வேயில் வேலை, அம்மாவுக்குக் கிள்ளானில் ஒரு துணிக்கடையில். பள்ளி விட்டு வந்தால் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸ் வீட்டில் நானும் மின்விசிறியும்தான். ஒன்பது வயதில் அந்தத் தனிமை எனக்குத் தாங்கவில்லை. தட்டில் சோற்றைப் போட்டுக்கொண்டு டிஸ்க்கைச் செருகுவேன். சிவப்புக் கொடி மினுக்கிக்கொண்டு அண்ணனுக்காகக் காத்திருக்கும். அதைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டால், அவன் தண்ணீர் குடிக்க அடுப்படிக்குப் போயிருப்பதுபோல் ஒரு நினைப்பு. சாப்பிட்டு முடித்ததும் அணைத்துவிடுவேன்.

புரட்டாசியில் டிஸ்க் முனக ஆரம்பித்தது. மூன்று தடவை செருகினால் ஒரு தடவை படித்தது. நல்ல வேளை, சரஸ்வதி பூஜை வந்தது. அம்மா என் புத்தகங்களை அடுக்கிப் பொட்டு வைத்தார். யாரும் பார்க்காதபோது கணக்குப் புத்தகத்துக்கு அடியில் நான் டிஸ்க்கைச் சொருகினேன். மேலே பொட்டு வைத்தால் உள்ளே போய்ச் சேருமா என்று சந்தேகம். நோய் உள்ளே இருக்க, மருந்தை வெளியே தடவுவார்களா? தகர மூடியைத் தள்ளி, உள்ளே தெரிந்த பழுப்புத் தகட்டில் சந்தனத்தைக் குழைத்து வைத்து, அதன்மேல் குங்குமமும் வைத்தேன்.

மறுநாள் பள்ளி விட்டு வந்து, கைகால் கழுவி, பக்தியோடு செருகினேன். கர்ர் கர்ர் என்று தொண்டையில் முள் சிக்கியது மாதிரி ஒரு சத்தம். கறுப்புத் திரையில் ஒரே ஒரு வெள்ளை வரி வந்தது. டிஸ்க்கைப் படிக்க முடியவில்லையாம். பாவாடை நுனியால் துடைத்துப் பார்த்தேன். சந்தனம் இன்னும் நன்றாக ஈஷிக்கொண்டது. வாய்விட்டு அழுதேன். வீட்டில்தான் யாருமில்லையே.

அன்றிலிருந்து தினமும் பள்ளி விட்டு வரும் வழியில் பிள்ளையாருக்குப் பத்துத் தோப்புக்கரணம். வேண்டுதல் ஒன்றுதான்: அண்ணன் அந்த ஆட்டத்தைப் பற்றிக் கேட்கவே கூடாது.

தீபாவளிக்கு அண்ணன் வந்தான். புது மீசை, இடுப்பில் பேஜர். அது கத்தும்போதெல்லாம் முனைக்கடைத் தொலைபேசிக்கு ஓடினான். மிச்ச நேரத்தில் கூட்டாளிகள் வந்து அழைத்துப் போனார்கள். முறுக்கு டின் கணினி மேசையில் இருந்ததால் ஒரே ஒரு முறை அதன் பக்கம் வந்தான். நான் மனதுக்குள் பிள்ளையாரைக் கூப்பிட்டேன்.

"இது இன்னும் ஓடுதா?"

"ஓடுது அண்ணே."

"பரவாலயே" என்றான். இரண்டு முறுக்கை எடுத்துக்கொண்டு வெளியே போனான்.

மூன்றாம் நாள் பஸ் ஏறிவிட்டான். நான் ஓடிப்போய்ப் பிள்ளையாருக்கு நூற்றெட்டுத் தோப்புக்கரணம் போட்டேன். கால் இரண்டும் கெஞ்சின. ஆனால் என் வேண்டுதல் பலித்துவிட்டதே என்று அத்தனை சந்தோஷம். நான் வேண்டிக்கொள்ளாமல் இருந்திருந்தாலும் அவன் கேட்டிருக்கமாட்டான் என்பது எனக்கு அப்போது தெரியவில்லை.