ஆஸ்கம்பி பாட்டின் முதல் இரண்டு வரி

கிரெஸ்வெல் சாருக்கு நான் ஐந்தரை வருஷம் கார் ஓட்டினேன். சர்வே கம்பெனியில் அவர் பெரிய அதிகாரியும் இல்லை, சின்ன அதிகாரியும் இல்லை. ஷார்ஜா அல் கானில் இரண்டு அறை ஃபிளாட். மனைவி, பிள்ளை கிடையாது. மற்ற வெள்ளைக்காரர்கள் வெள்ளிக்கிழமை என்றால் கடற்கரைக்கும் கிளப்புக்கும் போவார்கள். இவர் ஜன்னல் திரையை இழுத்துவிட்டு எழுத உட்கார்ந்துவிடுவார். ஆபீஸ் வேலையைத்தான் வீட்டில் வைத்து முடிக்கிறார் என்று ஒரு வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அவர் எழுதியது அவருடைய ஊர்க் கதை. ஊர் பெயர் ஆஸ்கம்பி. இங்கிலாந்தில் முந்நூறு வீடுகூட இல்லாத ஊர். எந்தக் கிணற்றில் எந்த வியாதிக்குத் தண்ணீர் எடுப்பார்கள், எந்த வயலைப் பிசாசு வயல் என்பார்கள், சர்ச் மணி எப்படிக் குளத்துக்குள் போனது, எந்த நாளில் எந்த ரொட்டி சுடுவார்கள் என்று இருபது வருஷத்துக்கு மேலாக எழுதிக்கொண்டிருந்தார். லீவில் ஊருக்குப் போனால் டேப் ரெக்கார்டரோடு வயதானவர்கள் வீட்டுக் கதவைத் தட்டுவார். அப்படிச் சேர்ந்த கேசட் எண்பத்து மூன்று.

அந்தக் கேசட்டுகளை அவர் கேட்டது என் வண்டியில்தான். காலையில் ஷார்ஜாவிலிருந்து ஜெபல் அலி போக இரண்டு மணி நேரம், திரும்ப இரண்டு மணி நேரம். அல் நஹ்தா பக்கம் நெரிசலில் வண்டி நின்றால் நின்றதுதான். சார் என் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, கேசட்டை ஓடவிட்டு, நிறுத்தி, மறுபடி ஓடவிட்டு, சின்னச் சின்ன அட்டையில் எழுதுவார். எனக்கு அந்த இங்கிலீஷ் புரியாது. ஆனால் ஆட்கள் எல்லாரையும் குரலில் தெரியும். இருமுகிற தாத்தா ஒருவர், பேச்சுக்குப் பேச்சு சிரிக்கிற அம்மா ஒருவர், காது கேட்காமல் கத்துகிறவர் ஒருவர். ஊரிலிருந்து வந்த சொந்தக்காரர்களை வண்டியில் ஏற்றிப் போகிற மாதிரி இருக்கும்.

சார் பேசுவது பாதி இங்கிலீஷ், பாதி வேலை சைட்டில் பழகிய ஹிந்தி. நான் இங்கே தமிழில் எழுதுகிறேன். அவருக்கு ஒரு சட்டம் உண்டு. சொன்னவர் பெயர், வயது, ஊர், தேதி இல்லாமல் ஒரு அட்டையும் எழுதமாட்டார். தப்பாகச் சொன்னாலும் திருத்தமாட்டார். சர்ச் மணியைப் பக்கத்து ஊர்க்காரன் திருடினான் என்று ஒருவர் சொன்னால் அது ஒரு அட்டை. இல்லை, எங்கள் பாதிரியாரே விற்றுவிட்டார் என்று இன்னொருவர் சொன்னால் அது இன்னொரு அட்டை. இதில் எது சார் நிஜம் என்று ஒருநாள் கேட்டேன்.

"தெரியாது சோலை. ரெண்டு பேரும் இப்படிச் சொன்னாங்க. அதுதான் எனக்குத் தெரிஞ்ச நிஜம்."

டேஷ்போர்டில் நான் முருகன் படம் வைத்திருந்தேன். தினம் ஒரு பூ வைப்பேன். பூ வாடிவிடும் என்று சார் ஏசி காற்றைத் தன் முகத்துப் பக்கம் திருப்பி வைத்துக்கொள்வார். நல்ல மனுஷன். அவருக்கா நான் அப்படிச் செய்தேன் என்று இன்றைக்கும் மனசு ஆறவில்லை.

நாற்பத்தோராம் கேசட்டில் ஒரு பாட்டு இருந்தது. மிஸஸ் டிம்ஸ் என்கிற அம்மா பாடியது. எங்கள் மார்கழி மாதத்தில் அவர்களுக்கு ஒரு தாமஸ் நாள் வருகிறதாம். அன்றைக்கு ஏழைப் பெண்கள் வீடு வீடாகப் போய்ப் பாடி கோதுமை வாங்குவார்களாம். அந்தப் பாட்டு சுற்றுவட்டாரத்தில் எல்லா ஊரிலும் உண்டு, ஆனால் மெட்டு ஆஸ்கம்பிக்கு மட்டும் வேறே என்றார் சார். மார்கழியில் பஜனை பாடிக்கொண்டு தெருத்தெருவாகப் போகிறவன் நான். எனக்கு அந்தப் பாட்டு பிடித்துப்போனது. மெட்டு சாதாரண மெட்டுதான், நாலே வரி. முதல் இரண்டு வரி ஏறும், அடுத்த இரண்டு இறங்கும். சார் இல்லாத நேரத்தில் போட்டுப் போட்டுக் கேட்பேன். அதே மெட்டில் முருகன் மேல் நாலு வரி கட்டி, ஷார்ஜா ரோலாவில் எங்கள் ரூம் பஜனையில் பாடவும் பாடினேன். சாரிடம் சொல்லவில்லை. சொல்ல ஒரு வெட்கம்.

2005-ஆம் வருஷம். டிசம்பரோடு சாருக்கு வேலை முடிகிறது. அதற்குள் புத்தகத்தை முடித்து, அவர் மாவட்டத்துச் சரித்திர சங்கத்துக்கு அச்சிட அனுப்பவேண்டும். எல்லாம் தயார். பாட்டின் வார்த்தைகளை எப்போதோ எழுதிவிட்டார். மெட்டை எழுத அவருக்குத் தெரியாது. துபாய் கராமாவில் பிள்ளைகளுக்குக் கீபோர்டு சொல்லித்தரும் ஜலஜா டீச்சரிடம் கேட்டு, ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் நேரம் வாங்கியிருந்தார். அவர்கள் கேசட்டைக் கேட்டு இசைக் குறியில் எழுதித் தருவதாகப் பேச்சு.

அதற்கு முந்தின வியாழக்கிழமை வண்டிக் காகிதம் புதுப்பிக்கப் போனேன். வரிசை நகரும்வரை வண்டியில் உட்கார்ந்து அந்தப் பாட்டைக் கேட்டேன். டோக்கன் நம்பர் கூப்பிட்டார்கள். கேசட்டை வெளியே எடுத்து டேஷ்போர்டில் முருகனுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு ஓடினேன். வேலை முடிய இரண்டு மணி நேரம் ஆனது. ஆகஸ்ட் வெயில், கண்ணாடிக்கு நேர் கீழே. வந்து பார்த்தால் கேசட் அப்பளம் மாதிரி வளைந்து கிடந்தது. உள்ளே நாடா ஒன்றோடு ஒன்று ஒட்டிப்போயிருந்தது.

மறைக்கவில்லை. நேரே போய்க் கையில் கொடுத்தேன். சார் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். இங்கிலாந்தில் அக்கா வீட்டில் இதற்கு ஒரு நகல் இருந்தது, அக்கா இறந்தபோது வீட்டோடு போய்விட்டது, மிஸஸ் டிம்ஸும் இல்லை, அந்த மெட்டு தெரிந்தவர் ஊரில் இப்போது ஒருத்தரும் இல்லை என்று மெதுவாகச் சொன்னார். பிறகு "கலாஸ்" என்றார், அரபியில் முடிந்தது என்று அர்த்தம். அவ்வளவுதான். அந்த வாரம் வண்டியில் ஒரு கேசட்டும் ஓடவில்லை.

அடுத்த வாரம் அல் நஹ்தாவில் வண்டி நின்றபோது நான் என்னை அறியாமல் முணுமுணுத்திருக்கிறேன். சார் என் தோளைப் பிடித்தார். பிடி இறுகியிருந்தது.

"சோலை, அத மறுபடி பாடு."

பாடினேன். சார் முகத்தைப் பார்த்தபோது முருகன் எனக்கு ஒரு வழி காட்டிவிட்டான் என்றுதான் நினைத்தேன்.

வழி அவ்வளவு லேசாக இல்லை. அன்று முதல் தினம் இரண்டு மணி நேரம் விசாரணை. மூன்றாவது வரி இப்படி முடியுமா என்று சார் பாடிக் காட்டுவார். எஸ் சார் என்பேன். இல்லை இப்படியா என்று வேறே மாதிரி பாடுவார். அதற்கும் எஸ் சார். என்ன செய்வது? பதினெட்டு வருஷம் வளைகுடாவில் இருந்தவன் நாக்கில் வேறே வார்த்தை வராது. ஒருநாள் சார் பொறுமை போய்விட்டது.

"இந்த இடத்துல மேல போகுதா, கீழ போகுதா?"

"எஸ் சார்."

சார் அட்டையைக் கிழித்து வெளியே போடப் போனவர், ரோட்டில் குப்பை போட்டால் அபராதம் என்பது ஞாபகம் வந்து சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

ஜலஜா டீச்சர் வீட்டுக்கும் போனோம். பாலக்காட்டுப் பக்கத்து அம்மா, தமிழ் நன்றாகப் பேசுவார்கள். ஐந்து தடவை பாடச் சொன்னார்கள். ஐந்து தடவையும் முதல் இரண்டு வரி ஒரே மாதிரி வருகிறது, பின் இரண்டு வரி ஒவ்வொரு தடவையும் ஒரு மாதிரி என்றார்கள். அப்புறம் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்கள்.

"அண்ணா, இந்தக் குழைவு எல்லாம் இங்கிலீஷ் பாட்டில் வராது. இதை எங்கயோ பஜனையில் பாடுறீங்க, இல்லையா?"

ஒப்புக்கொண்டேன். டீச்சர் சிரித்துவிட்டு சாருக்கு விளக்கினார்கள். அவருக்குக் கோபம் வரும் என்று பயந்தேன். அவரோ அந்தப் பஜனையைக் கேட்கவேண்டும் என்றார். இரண்டு வருஷமாகப் பத்துப் பேர் பாடியிருந்தால், யாராவது ஒருவர் வாயில் மூன்றாவது வரி சரியாகத் தங்கியிருக்கும் என்பது அவர் கணக்கு.

வெள்ளிக்கிழமை காலை ரோலாவில் லிஃப்ட் ஓடாத கட்டடத்தில் நாலு மாடி ஏறி வந்தார். ஷூவைக் கழற்றிவிட்டுக் இரண்டடுக்குக் கட்டிலின் கீழ்த்தட்டில் தலை குனிந்து உட்கார்ந்தார். பஜனையை நடத்துகிறவர் சேதுராமன் அண்ணன். தேவகோட்டைக்காரர், ஒரு கம்பெனியில் ஸ்டோர் கீப்பர். ஜால்ராவும் பால் பவுடர் டின்னும்தான் எங்கள் வாத்தியம். வெள்ளைக்காரர் வந்திருக்கிறார் என்றதும் அண்ணனுக்குக் கால் தரையில் பாவவில்லை. வழக்கமாகப் பாடுகிறதைவிட இரண்டு கட்டை ஏற்றிப் பிடித்தார். மூன்றாவது வரியை ஒரு இழுப்பு இழுத்தார் பாருங்கள், மிஸஸ் டிம்ஸ் கேட்டிருந்தால் அவர்களுக்கே அடையாளம் தெரிந்திருக்காது. பத்துப் பேரும் பத்து விதமாகப் பின்னாலே போனார்கள்.

பாடி முடித்ததும், இந்த மெட்டு எங்கிருந்து வந்தது என்று சார் அவரைக் கேட்டார். நான் வாயைத் திறக்குமுன் அண்ணன் சொல்லிவிட்டார்.

"சார், திஸ் சாங் வெரி ஓல்டு. மை வில்லேஜ். ஹண்ட்ரட் இயர்ஸ்."

நான் குறுக்கே பேசினேன். "அண்ணே, நான் போன வருஷத்துக்கு முந்தின மார்கழியில கொண்டாந்த மெட்டுண்ணே இது."

"நீ கொண்டாந்தியாக்கும்? எங்க ஊர்ல தேர் இழுக்கிறப்ப இதைப் பாடித்தான்டா இழுப்பாய்ங்க. சும்மா கெட."

அவர் பொய் சொல்கிறார் என்றால் சண்டை போட்டிருப்பேன். முகத்தைப் பார்த்தேன், மனுஷன் நிஜமாகவே நம்புகிறார். மற்றவர்களும் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார்கள். அவர் சொல்வது தப்பு சார் என்று நான் எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னேன். சார் காதில் வாங்கிக்கொண்டே அட்டையை எடுத்தார். சேதுராமன், வயது ஐம்பத்தொன்று, ரோலா, தேதி, நூறு வருஷம் என்கிறார். அப்படியே எழுதினார்.

திரும்பி வந்து அல் கானில் வண்டியை நிறுத்தியபிறகும் சார் இறங்கவில்லை.

"எண்பத்து மூணு கேசட் சோலை. அதுல எத்தனை சேதுராமன் இருக்காங்கன்னு எனக்குத் தெரியாது."

அந்த மெட்டைப் புத்தகத்தில் போடப்போவதில்லை என்றார். அவர் முகத்தைப் பார்த்தால் புத்தகத்தையே விட்டுவிடுவார் போல இருந்தது. எந்த இடத்தில் மிஸஸ் டிம்ஸ் முடிந்து எந்த இடத்தில் நீ தொடங்குகிறாய் என்று உனக்கே தெரியாது, அதை நான் எப்படி அச்சில் போடுவது என்று கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் எனக்கு ஒன்று தெரியும். முருகன் வார்த்தையைக் கட்டும்போது பின் இரண்டு வரிதான் உட்காரவில்லை. அதைத்தான் நான் அப்படி இப்படி வளைத்தேன். முன் இரண்டு வரியில் கை வைக்கவே இல்லை. அதைச் சொன்னேன்.

சார் நம்பவில்லை. முதல் வரியை ஒரு மாதிரி பாடி, இதுவா என்றார்.

"நோ சார்."

வேறு மாதிரி பாடினார். அதற்கும் நோ சார் என்றேன். ஐந்தரை வருஷத்தில் நான் அவரிடம் அந்த வார்த்தையைச் சொன்னது அன்றுதான். ஏழாவதாகப் பாடியதற்குத்தான் எஸ் சார் சொன்னேன். இரண்டாவது வரிக்கும் அப்படியே. பிறகு வரிசையை மாற்றி என்னை ஏமாற்றப் பார்த்தார். நான் அசையவில்லை. சார் அட்டை எடுத்தார். சோலையப்பன், வயது நாற்பத்தாறு, டிரைவர், ஷார்ஜா. முதல் இரண்டு வரி மட்டும். மிஸஸ் டிம்ஸ் பாடிய கேசட்டைக் கேட்டு. கேசட் இப்போது இல்லை.

கேசட்டை அழித்தது யார் என்று அவர் எழுதவில்லை. அதையும் எழுதுங்கள் சார் என்றேன். எழுதினார்.

ஜலஜா டீச்சர் அந்த இரண்டு வரியைக் குறியில் எழுதித் தந்தார்கள். கீழே இரண்டு வரிக்குக் கோடு மட்டும் போட்டுக் காலியாக விட்டார்கள். டிசம்பரில் சார் போய்விட்டார். ஏர்போர்ட்டில் எண்பத்திரண்டு கேசட்டையும் கைப்பையில்தான் எடுத்துப்போனார்.

2007 ஏப்ரலில் கம்பெனி விலாசத்துக்குப் புத்தகம் வந்தது. நல்ல அட்டை, கனமான தாள். கையில் வாங்கியதும் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். நேரே கராமாவுக்குப் போனேன். டீச்சர் அந்தப் பக்கத்தைத் தேடி எடுத்தார்கள். வார்த்தை எல்லாம் இருந்தது. மெட்டும் நாலு வரி முழுசாக இருந்தது. காலிக் கோடு எங்கே என்று கேட்டேன். டீச்சர் அதைக் கீபோர்டில் வாசித்தார்கள்.

அது இல்லை. முதல் வரியே அது இல்லை.

உள்ளே சார் எழுதிய கடிதம் இருந்தது. டீச்சர் படித்துச் சொன்னார்கள். பாதி மெட்டை அச்சடிக்கமுடியாது, ஷார்ஜாவில் கார் ஓட்டுகிறவர் நம் மாவட்டத்துப் பாட்டுக்குச் சாட்சி ஆகமுடியாது என்று சங்கத்தார் முடிவு செய்துவிட்டார்களாம். பக்கத்து ஊர் மெட்டைப் போட்டு, ஆஸ்கம்பியிலும் இப்படித்தான் பாடியிருக்கவேண்டும் என்று கீழே எழுதிவிட்டார்களாம். சார் இரண்டு கூட்டத்தில் சண்டை போட்டிருக்கிறார். அவர் உடம்பும் முன்போல இல்லையாம். உன் அட்டை என்னிடம் பத்திரமாக இருக்கிறது சோலை என்று முடித்திருந்தார்.

அட்டை இருந்து என்ன? இனி அந்தப் புத்தகத்தைப் பார்க்கிறவர்கள் அந்தத் தப்பு மெட்டைத்தான் பாடுவார்கள். யார் பாடினது, எந்தத் தேதி என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிய மனுஷனின் புத்தகத்தில், ஆஸ்கம்பியில் யாருமே பாடாத ஒன்று ஏறி உட்கார்ந்துவிட்டது. எல்லாம் தொடங்கினது என் கையில். கேசட்டை டேஷ்போர்டில் வைத்த அந்த ஒரு நிமிஷம்.

பஜனையில் அந்தப் பாட்டு இன்னும் நடக்கிறது. புதிதாக வருகிறவர்களிடம் சேதுராமன் அண்ணன் தேர் கதை சொல்கிறார். இப்போது நூற்றைம்பது வருஷம் ஆகிவிட்டது.

புத்தகம் வந்த அந்த வருஷம் டிசம்பர் இருபத்தொன்று, தாமஸ் நாள், டியூட்டி மாற்றி வாங்கிக்கொண்டு புதுக் கேசட் ஒன்று வாங்கினேன். ஜலஜா டீச்சர் வீட்டு டேப் ரெக்கார்டரில் பதிந்தேன். முதலில் பெயர் சொன்னேன். வயது, ஊர், தேதி சொன்னேன். அப்புறம் இரண்டு வரி பாடினேன். மூன்றாவது வரி தானாக வந்தது. வாயை மூடிக்கொண்டேன். மிச்ச நாடா வெறுமையாகவே ஓடியது. அதைச் சார் விலாசத்துக்கு ரெஜிஸ்டர் தபாலில் அனுப்பினேன்.

மூன்று மாதம் ஆகிறது. கிடைத்ததா என்று இன்னும் தெரியவில்லை.