கேள்விப்பட்டிருக்க வேண்டியவர்கள்

வக்கீல்கள் எழுதும் ஆங்கிலத்தைத் திருத்துவதுதான் என் பிழைப்பு. சட்டப் புத்தகம் போடும் ஒரு பதிப்பகத்துக்காக, மனுக்களிலும் தீர்ப்புகளிலும் வரும் சொற்களுக்கு ஓர் அகராதி தயாரித்துக்கொண்டிருக்கிறேன். எது இன்னும் வேண்டும், எதைத் தூக்கிக் கடாசலாம் என்று ஒவ்வொன்றுக்கும் கீழே குறிப்பு எழுத வேண்டும். கடாசுவதில் எனக்குத் தனி சந்தோஷம். ஒரு வரியில் முடிகிற விஷயத்தை முக்கால் பக்கத்துக்கு இழுத்திருந்தால் பற்றிக்கொண்டு வரும்.

காணாமல் போனவர்களைப் பற்றிய சட்ட வாசகம் அந்த ரகம். ஒருவர் இறந்துவிட்டார் என்று கோர்ட் எடுத்துக்கொள்ள வேண்டுமானால், அவர் உயிரோடிருந்தால் இயல்பாக யாரெல்லாம் கேள்விப்பட்டிருப்பார்களோ அவர்கள் ஏழு வருஷமாக எதுவும் கேள்விப்படவில்லை என்று சொல்லியாக வேண்டும். ஆங்கிலத்தில் இன்னும் கண்றாவி. ‘தகவல் இல்லை’ என்றால் என்ன குறைந்துவிடும்?

என் தம்பி, சாத்தாங்காட்டில் இரும்பு ஏற்றிய லாரியோடு கிளீனராகப் போனவன். வழியில் டீ குடிக்க இறங்கினான், திரும்பி ஏறவில்லை என்றார் டிரைவர். அவ்வளவுதான். போலீஸ் ஸ்டேஷன், ஆஸ்பத்திரி, பிணவறை என்று நாங்கள் அலையாத இடமில்லை. ஏழு வருஷம் ஓடிவிட்டது. அவன் மனைவி திருவொற்றியூரில் எங்கள் அம்மாவோடுதான் இருக்கிறாள். அவளோடு கம்பெனியில் வேலை செய்யும் ஒருவர், நல்ல மனிதர், அவளைக் கல்யாணம் செய்துகொள்ளக் கேட்டிருக்கிறார். “அக்கா, அத்தைகிட்ட நீங்களே சொல்லுங்க. எனக்கு வாயே வரல” என்றாள்.

அம்மா கல்யாணத்துக்கு உடனே தலையாட்டினாள். “அவ இன்னா பாவம் பண்ணா? நல்லா இருக்கட்டும்.” அதற்குமுன் தம்பி இறந்துவிட்டான் என்று கோர்ட் சொல்ல வேண்டும், அதற்கு மனு போட வேண்டும், நீயும் எழுதிக் கொடுக்க வேண்டும் என்றதும் சீறினாள். “எம்புள்ள பூட்டான்னு நான் எழுதிக் குடுக்கணுமா? உன் வாயில வசம்ப வெச்சித் தேய்க்க!” பெற்றவள் சொல்லாமல் கோர்ட் நம்பாது என்று வக்கீல் கையை விரித்துவிட்டார். மருமகளுக்காக அம்மா ஒருவழியாகப் புறப்பட்டாள்; மூன்று பேருமாகப் போனோம்.

டோல்கேட் பஸ் ஸ்டாப்புக்குப் பக்கத்தில் வக்கீலின் ஆபீஸ். அம்மாவின் வாக்குமூலத்தை நான்தான் ஆங்கிலத்தில் எழுதியிருந்தேன். என் ‘தகவல் இல்லை’யை அவர் அடித்துவிட்டு, சட்டம் சொல்கிற வாக்கியத்தையே போடச் செய்தார். முணுமுணுத்துக்கொண்டே போட்டேன். ஆங்கிலம் தெரியாதவர்களுக்கு, எழுதியிருப்பதை அவர்கள் பேச்சில் சொல்லிவிட்டுத்தான் கையெழுத்து வாங்க வேண்டும். நீங்களே சொல்லிவிடுங்கள் என்றார்.

அகராதித் தமிழ் அம்மாவிடம் செல்லுமா? வீட்டுப் பேச்சிலேயே சொன்னேன். “அவன் உசுரோட கீறான்னா யாருக்கெல்லாம் தானா தெரிஞ்சிருக்குமோ, அவங்களுக்கு ஏழு வருசமா ஒண்ணுமே தெரியல.”

“யாருக்கு?”

“உனக்கு, எனக்கு, இவளுக்கு.”

“மொதல்ல யாருக்கு?”

எத்தனையோ தடவை படித்த வாக்கியம். அதில் சொல்லியிருக்கிற ஆள் என் அம்மாதான் என்று அதுவரை எனக்கு உறைக்கவே இல்லை.

“எனக்குத்தாண்டி” என்றாள் அவளே. “சண்டை போட்டுகினு போனாக்கூட, பொழுது சாயறதுக்குள்ள போன் பண்ணி, துன்னியாம்மான்னு கேப்பான்.”

அந்தக் காகிதத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். அதில் ஓர் எழுத்துகூட அவளுக்குப் படிக்கத் தெரியாது.

“உசுரோட இருந்துகினு ஏழு வருசம் என்னைக் கேக்காத புள்ள இல்ல அவன். செத்துத்தான் பூட்டான். எங்க கையெழுத்துப் போடணும், காட்டு.”

பெயரைத் தமிழில் எழுத்து எழுத்தாக எழுதி முடித்தாள். மருமகள் அவள் மடியில் விழுந்து கதறினாள். அம்மா அவள் முடியை ஒதுக்கிவிட்டாள்.

“அழுவாதடி. கல்யாணப் பொண்ணு அழுவக் கூடாது.”