அக்கா கைக்கு அளவான துப்பாக்கி

எங்கள் நாகலெட்சுமி அக்காவுக்குக் கை சின்னது. வளையல்காரர் சின்னப் பிள்ளைகள் பெட்டியில்தான் அவளுக்கு அளவு தேடுவார். அந்தக் கையில் அத்தானுடைய கைத்துப்பாக்கி எப்படி நிற்கும்?

அத்தான் சிக்கல் என்ற ஊரில் நிலபுலன் உள்ளவர். சுதந்திரம் வந்து ஆறேழு வருஷம் கழித்துக் காய்ச்சலில் போய்விட்டார். பிள்ளையில்லை. அக்காவுக்குத் துணையாக நான் அங்கே வந்து இருந்தேன். அவர் தம்பி ராக்கப்பன், "மதினி பொறந்த வீட்டுக்குப் போகட்டும், நெலத்த நான் பாத்துக்கிறேன்" என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தான். பிறகு ஒருநாள் எங்கள் வைக்கோற்போர் எரிந்தது. அவன் வேலைதான். யார் இல்லையென்றாலும் நான் அப்படித்தான் சொல்லுவேன்.

அதற்கப்புறம் அக்கா துப்பாக்கி லைசென்சைத் தன் பேருக்கு மாற்றக் கேட்டாள். அது வீட்டில் இருந்தால்தான் நிலத்தில் நிலைக்கலாம் என்று நினைத்தாள். பிடிக்கவே தெரியாதவளுக்கு எதற்கு என்று ராக்கப்பன் எதிர்மனுப் போட்டான். விஜயதசமிக்கு மறுநாள் தாசில்தார் வந்து விசாரிப்பதாகத் தகவல் வந்தது.

அக்கா பிடித்துப் பார்த்தாள். விரல் விசைக்கு எட்டவில்லை. லைசென்ஸ் மாறும்வரை தோட்டா எல்லாம் போலீஸ் ஸ்டேஷனில் இருந்தது. பிடியின் இரண்டு பக்கமும் கட்டை, அதைச் சேர்த்து ஒரு திருகாணி. அக்கா அதைக் கழற்றி, கண்ணாடிச் சில்லால் கட்டையைச் சுரண்ட ஆரம்பித்தாள். கீழக்கரையிலிருந்து கருவாடு கொண்டுவரும் காதர் மைதீன், தேய்ப்பதற்கு, உப்புத்தாள் போலச் சொரசொரக்கும் காய்ந்த திருக்கைமீன் தோல் கொடுத்தார்.

"பாத்துத் தேயிங்க தாயி. போன மரம் திரும்ப வராது."

சுரண்டுவாள், மாட்டிப் பிடித்துப் பார்ப்பாள், மறுபடி கழற்றுவாள். ஒரு பக்கம் முடிந்தபோது ஆயுத பூசை வந்துவிட்டது. படையலில் வைத்த இரும்பை மறுநாள் விஜயதசமி மறுபூசை வரை எங்கள் வீட்டில் தொடமாட்டோம். அந்த ஒரு நாளை வீணாக்க அக்காவுக்கு மனமில்லை. கட்டைகளை எடுத்துக்கொண்டு வெறும் இரும்பை அரிவாளோடு வைத்தாள்.

"சாமிக்கு மூளியாவா வைக்கிறது?" என்றேன்.

"மூளியா இருக்கிற நான்தானடி வைக்கிறேன். வாங்கிக்கிரட்டும்."

பூசைக்கு வந்த ராக்கப்பன் பார்த்துவிட்டான். "அண்ணன் துப்பாக்கிய ஒடச்சுப்புட்டீகளா மதினி? தாசில்தார் வரட்டும், சொல்லுறேன்."

"சாப்பிட்டுட்டுப் போயிச் சொல்லுங்க கொழுந்தனாரே."

மாட்டிப் பார்க்க இரும்பு இல்லாததால் கண்ணளவில் சுரண்டிய அக்கா, இரண்டாவது கட்டையைத் திருகாணித் துளையருகே அதிகமாக மெலித்துவிட்டாள். அது கீறல் விட்டது. கீறலில் அரக்கை உருக்கி அடைத்து, மறுபூசை முடிந்ததும் பயந்து பயந்து திருகாணியை முடுக்கினாள்.

தாசில்தார் வந்தார். ராக்கப்பன் முந்திக்கொண்டு, "ஒடச்சு வச்சிருக்காக அய்யா" என்றான். எடுத்துக் காட்டச் சொன்னார். அக்கா எடுத்தாள். விரல் விசையில் போய் உட்கார்ந்தது. நான் கீறலையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் வாங்கித் தன் பெரிய கையில் அழுத்திப் பிடித்தார். அரக்கு தாங்கியது.

"என் கையில நிக்க மாட்டேங்குதேம்மா?"

"இங்கன குடியிருக்கப் போறது நான்தான அய்யா?"

அவர் சிரிக்கவில்லை. "அவசியம் வந்தா சுடுவீங்களா?"

அக்கா ராக்கப்பனைப் பார்த்தாள். தாசில்தாரும் அவனைப் பார்த்தார். பிறகு அக்காவின் மனுவில், கொடுக்கலாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

ராக்கப்பன் ஒரு வார்த்தை பேசாமல் வண்டியைப் பூட்டிக்கொண்டு போனான். திட்டிவிட்டுப் போயிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.