அரங்கம் முழுவதற்கும் அண்ணி

அவளுக்கு இப்போது தலை பாதி நரைத்துவிட்டது. அலுவலகத்தில் அவளுக்குக் கீழே ஒரு பட்டாளமே வேலை பார்க்கிறது. செயற்கைக்கோள் அனுப்பும் படங்களைப் பார்த்து, எந்த வயலில் பயிர் வாடுகிறது, எங்கே தண்ணீர் தேங்கியிருக்கிறது என்று சொல்லும் அலுவலகம் அது. புதிதாகச் சேரும் பிள்ளைகள் முதல் வாரம் 'மேடம்' என்பார்கள். அடுத்த வாரமே மற்றவர்களைப் பார்த்து அவர்களும் 'அண்ணி' என்று ஆரம்பித்துவிடுவார்கள். யாருக்கு அண்ணி என்று கேட்டால் பழைய ஆட்களுக்கே பாதிக் கதைதான் தெரியும்.

கல்யாணத்துக்கு முன்பும் அவள் கணினி வேலையில்தான் இருந்தாள். மகள் பிறந்ததும், கொஞ்ச நாளைக்கு என்று சொல்லித்தான் வேலையை விட்டாள். குழந்தை தவழ்ந்தது, நடந்தது, வீடு முழுக்க ஓட ஆரம்பித்தது. அந்தக் கொஞ்ச நாள் மட்டும் முடிகிற வழியாக இல்லை. கணவனுக்கு மருந்துக்கடையில் வேலை. அவனுடைய தம்பி, அவளுக்குக் கொழுந்தன், அதே வீட்டில் தங்கிக் கல்லூரியில் கடைசி வருடம் படித்துக்கொண்டிருந்தான்.

ஒருநாள் காலை அவள் குக்கரை இறக்கிக்கொண்டிருந்தபோது கொழுந்தன் சமையலறை வாசலில் வந்து நின்றான். ஏதோ கேட்கப்போகிறான் என்றால் கதவு நிலையைச் சுரண்டுவது அவன் வழக்கம்.

"என்ன தம்பி, கதவுக்குப் பெயின்ட் அடிக்கப்போறியா?"

"இல்ல அண்ணி. விண்வெளி ஹேக்கத்தான், மூணு நாள் நிரல் எழுதுற போட்டின்னு சொன்னேன்ல, நாடு பூரா இருந்து ஆளுங்க வராங்க. நாலு பேர் இருந்தாத்தான் குழுவாம். எங்க நாலாவது ஆளுக்கு அம்மை போட்டுடுச்சு."

"அதுக்கு?"

"நீங்க வரீங்களா? யாரு வேணாலும் சேரலாம்னு போட்டிருக்கு. படிக்கிற பசங்கதான்னு இல்ல."

அவள் சிரித்துவிட்டாள். நிரல் எழுதிய கை இப்போது பால்புட்டி கழுவிக்கொண்டிருக்கிறது என்றாள். குழந்தையை யார் பார்ப்பது என்றாள். உள்ளே சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த கணவன் தலையை நிமிர்த்தாமலே, "நான் லீவு போடறேன். மூணு நாள்தானே, நீ போயிட்டு வா" என்றான். அதற்குமேல் சொல்ல அவளிடம் சாக்கு எதுவும் மிச்சமில்லை.

பெரிய கல்லூரி ஒன்றின் உள்விளையாட்டு அரங்கில் போட்டி. பந்தாடும் தரையில் கம்பளம் விரித்து, வரிசை வரிசையாக மேஜை போட்டிருந்தார்கள். மாலையானால் அரங்கைப் பூட்டிவிடுவார்கள். காலையில் வந்துதான் விட்ட இடத்திலிருந்து தொடர வேண்டும். உள்ளே நுழைந்ததும் அவள் வாசலிலேயே நின்றுவிட்டாள். எங்கே பார்த்தாலும் மீசை அரும்பிய முகங்கள், முதுகில் பை மாட்டிய பெண்கள். ஒரு பையன் அவளை ஆசிரியை என்று நினைத்து எழுந்து நின்றான்.

கொழுந்தனின் கூட்டாளிகள் இரண்டு பேர். ஒருவன் நெட்டை, அவன் கால்கள் எந்த மேஜைக்கு அடியிலும் அடங்காது. இன்னொருவன் வாயே திறக்க மாட்டான் என்பதால் ஊமைக்கோட்டான் என்று பெயர். இருவருக்கும் அவள் முதல் நிமிடத்திலிருந்தே அண்ணிதான். "அண்ணி, இதைப் பாருங்க," "அண்ணி, இது ஓட மாட்டேங்குது" என்று நெட்டையும் கொழுந்தனும் போட்ட கூச்சலில் பக்கத்து மேஜைக்கும் அவள் அண்ணியானாள். அவள் பையில் எப்போதும் இருக்கும் பிஸ்கட்டும் தலைவலி மாத்திரையும் நாலு மேஜை தாண்டிப் போயின. இரண்டாம் நாள் காலை, முன்பின் தெரியாத ஒரு பெண் வந்து, "அண்ணி, உங்ககிட்ட சேஃப்டி பின் இருக்கா?" என்று கேட்டாள்.

அவர்கள் எடுத்துக்கொண்ட கணக்கு மேகம் பற்றியது. செயற்கைக்கோள் மேலிருந்து படமெடுக்கும்போது மேகம் குறுக்கே வந்தால் கீழே இருப்பது தெரியாது. மேகத்துக்கு அடியில் இருப்பது வயலா, தண்ணீரா, வீடா என்று கணினி ஊகித்துச் சொல்ல வேண்டும். போட்டி நடத்துகிறவர்கள் ஒவ்வொன்றுக்கும் சரியான விடையோடு ஒரு குவியல் படம் கொடுத்தார்கள். அதில் கொஞ்சத்தைக் கணினிக்குக் கற்றுக்கொடுக்கவும், மீதியை அது கற்றதைச் சோதிக்கவும் குழுக்களே பிரித்துக்கொள்ளலாம். சோதனையில் வாங்கிய மதிப்பெண்ணைப் பெரிய திரையில் ஏற்ற வேண்டும்.

முதல் நாள் அவளுக்குக் கை ஓடவில்லை. எழுதின வரிகளைவிட அழித்த வரிகள் அதிகம். மறுநாள் எப்போது என்று தெரியாமலே பழைய வேகம் வந்துவிட்டது. நெட்டை ஏதோ கேட்டபோது காதில் விழாமல் விசைகளைத் தட்டிக்கொண்டிருந்தாள். சாப்பிடவே மறந்துபோயிருந்தாள். அன்று பிற்பகல் அவர்கள் குழு திரையில் முதலிடத்துக்குப் போனது. கொழுந்தனுக்குத் தலைகால் புரியவில்லை. பேருந்தில் வீடு திரும்பும்போது நின்றுகொண்டே தூங்குகிற அளவுக்குக் களைத்திருந்தாலும், அவளுக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

மூன்றாம் நாள் காலை, மேடையில் காட்ட நல்ல படமாகப் பொறுக்கி வைக்கும் வேலையை அவள் எடுத்துக்கொண்டாள். ஒரு படத்தில் ஏரி ஒன்று காது போல வளைந்து கிடந்தது. பாதிக்குமேல் மேகம். கணினி அந்த மேகத்தை நீக்கி, ஏரி நடுவே சின்னதாக ஒரு தீவை வரைந்திருந்தது. விடையோடு ஒப்பிட்டால் சரியாகவே வரைந்திருந்தது. அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஏரி இருக்கும் என்று ஊகிக்கலாம், கரை தெரிகிறது. முழுக்க மூடிக்கிடக்கிற தீவு இதற்கு எப்படித் தெரியும்?

கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு படக் குவியலில் தேடினாள். கற்றுக்கொடுத்த படங்களில் அதே காது ஏரி இருந்தது. வேறொரு நாள், மேகமில்லாத வானத்தில் எடுத்தது. ஒரே இடத்தைப் பல நாள் படமெடுத்திருக்கிறார்கள். நெட்டை அதையெல்லாம் ஒன்றாகக் கலக்கி இரண்டாகப் பிரித்திருக்கிறான். பரீட்சைக் கேள்வியை முதல்நாளே பார்த்துவிட்டு வந்த பிள்ளை போல, கணினி ஊகிக்கவே இல்லை. ஞாபகத்திலிருந்து ஒப்பித்திருக்கிறது.

ஓர் இடத்தின் படங்கள் இரண்டு பக்கமும் வராதபடி, இடம் வாரியாகப் பிரித்து மறுபடி ஓட்டினார்கள். மதிப்பெண் மடமடவென்று சரிந்தது. நெட்டையின் முகத்தில் ஈயாடவில்லை.

"இதை யாருக்கும் சொல்ல வேணாம் அண்ணி," என்றான் கொழுந்தன் தாழ்ந்த குரலில். "மத்தவங்களும் இப்படித்தான் பிரிச்சிருப்பாங்க. யாரும் கேக்கப்போறதில்ல."

"நமக்குத் தெரிஞ்சுபோச்சே தம்பி. வெள்ளம் வந்தா, கீழ தண்ணி நிக்குதுன்னு இதை நம்பி ஒருத்தர் படகு அனுப்புவாங்க. அங்க தண்ணியே இருக்காது."

"உங்களுக்கு என்ன, நாளைக்கு வீட்டுக்குப் போயிடுவீங்க. ஜெயிச்சாத்தான் எங்களுக்கு வேலை."

சொன்ன பிறகுதான் சொன்னது என்னவென்று அவனுக்கே உறைத்தது. அவள் கணினித் திரைப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவன் எழுந்து வெளியே போய்விட்டான். ஊமைக்கோட்டான் மெதுவாகத் தன் தண்ணீர் பாட்டிலை அவள் பக்கம் நகர்த்தி வைத்தான்.

மத்தியானம் கணவன் குழந்தையோடு சாப்பாடு கொண்டுவந்தான். குழந்தையின் சட்டையைப் பின்முன்னாகப் போட்டுவிட்டிருந்தான். வெளிப் படிக்கட்டில் உட்கார்ந்திருந்த சித்தப்பாவைப் பார்த்ததும் அது அவன் மடியில் போய் ஏறிக்கொண்டது. கண்ணாடிக் கதவு வழியாக அவள் பார்த்தாள். அண்ணனும் தம்பியும் நெடுநேரம் பேசினார்கள். அண்ணன் என்ன சொன்னான் என்று அவள் இன்றுவரை கேட்டதில்லை.

மேடையேறிப் பேச வேண்டியவன் கொழுந்தன்தான். என்ன பேசப்போகிறான் என்று மற்ற மூவருக்கும் தெரியாது. அவன் ஒலிவாங்கியைக் கையில் எடுத்தான். பிறகு காது ஏரியைத் திரையில் போட்டான்.

"நாங்க முதலிடத்துல இருக்கோம். அந்த மதிப்பெண் தப்பு," என்று ஆரம்பித்தான். தீவைக் காட்டினான், மேகமில்லாத படத்தைக் காட்டினான், கடைசியில் சரிந்துபோன மதிப்பெண்ணையும் காட்டினான். இரண்டு மூன்று குழுக்கள் அவசரமாகத் தங்கள் கணினியைத் திறந்து குடைய ஆரம்பித்தன.

நடுவராக இருந்த அம்மாள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "இதைக் கண்டுபிடிச்சது யாரு?"

"அண்ணி," என்றான் கொழுந்தன்.

"எந்த அண்ணி?"

அரங்கம் முழுவதும் திரும்பி அவளைக் கைகாட்டியது. சிரிப்பு அடங்க வெகுநேரமானது. அவள் எழுந்து நின்றபோது மடியிலிருந்து பிஸ்கட் தூள் கொட்டியது.

பரிசு வேறு மூன்று குழுக்களுக்குப் போயிற்று. பெரிய மனிதர்கள் யாரும் வந்து வேலை தருவதாகச் சொல்லவில்லை. மாலையில் எல்லோரும் ஒயர்களைச் சுருட்டினார்கள், ஆளுக்கு ஆள் கைகுலுக்கிப் பிரிந்தார்கள். மாலைவரை இருந்துவிட்ட கணவனும் குழந்தையும் கூடவே வந்தார்கள். பேருந்து நிறுத்தத்தில் கொழுந்தன், "அண்ணி, காலையில நான் பேசினது..." என்று இழுத்தான். "பாப்பாவைத் தூக்கு, கை வலிக்குது" என்று குழந்தையை அவனிடம் கொடுத்தாள். அந்தப் பேச்சு அதோடு முடிந்தது.

சும்மா இருக்க அதன்பிறகு அவளால் முடியவில்லை. மகளை மழலையர் பள்ளியில் விட்டதும் வேலை தேட ஆரம்பித்தாள். இரண்டு இடத்தில் வேண்டாம் என்றார்கள். மூன்றாவது இடத்தில், கடைசியாக என்ன வேலை செய்தீர்கள் என்று கேட்டார்கள். அவள் காது ஏரியின் கதையைச் சொன்னாள், 'எந்த அண்ணி?' என்று நடுவர் கேட்டது வரை. அங்கேதான் இன்றுவரை இருக்கிறாள்.

நெட்டை சொந்தமாகக் கடை வைத்துவிட்டான். ஊமைக்கோட்டான் எல்லோரும் வியக்கும்படி வாத்தியாரானான். கொழுந்தன் வெளிநாட்டில் இருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பேசுவான். எப்போதாவது பேச்சு அங்கே போய்ச் சேரும்.

"அன்னைக்கு நான் அதைச் சொல்லாம மேடையை விட்டு இறங்கியிருந்தா என்ன ஆயிருக்கும் அண்ணி?"

"ஜெயிச்சிருப்போம்."

"அவ்வளவுதானா?"

"அதுக்கு மேல எனக்குத் தெரியல தம்பி. நானும் யோசிச்சுப் பார்த்திருக்கேன்."

பிறகு பேச்சு அங்கத்திய குளிருக்கும் அவன் பையனின் பல்வலிக்கும் போய்விடும். போனை வைத்த பிறகும் அவள் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருப்பாள். அரங்கத்துக் கம்பளத்தின் புது வாசனை, உயரத்தில் கரகரவென்று சுற்றிய மின்விசிறிகள், பெயர் தெரியாத பிள்ளைகள் தங்கள் நிரல் ஓடிவிட்டதென்று மேஜையைத் தட்டிய சத்தம் எல்லாம் வந்து போகும். அந்த வயது திரும்ப வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியதில்லை. சாப்பிடவே மறந்துபோன அந்த இரண்டாம் நாள் பிற்பகல் மட்டும் இன்னொரு தடவை கிடைத்தால் தேவலை.