மேரி அக்காவின் செவ்வந்தியும் என் ‘இல்லை’களும்

கண்டுபிடித்தவர் பெயரை பிளாக்செயின் என்கிற கணினிப் பதிவேட்டில் பதிகிற கம்பெனியில், எல்லாம் சட்டப்படி சரியா என்று பார்ப்பது என் வேலை. ஏறிவிட்டால் அழிக்க முடியாது என்பதால், ஏறும் முன்பே எல்லாரிடமும் திட்டு வாங்கிவிட வேண்டும். ‘இல்லை’ சொல்லியே சம்பளம் வாங்குகிற ஜென்மங்களே, உங்களுக்குத் தெரியாததா!

அழிக்க முடியாது

மேரி அக்கா எஸ்டேட் லயத்தில், கூலிக்காரர்களின் வரிசை வீட்டில் பிறந்தவர். இப்போது மலாய் நாட்டு மலையூரான கோலா தெர்லாவில் சொந்தப் பூத்தோட்டம். ரெண்டு செவ்வந்தியைக் கலந்து, வருஷக்கணக்காகப் பார்த்துப் பார்த்து ஒரு புது ரகம் எடுத்திருந்தார். வெள்ளை இதழ், நுனி மட்டும் ஊதா. வேறு எவனும் அதைத் தன் பூ என்று சொல்லிவிடக் கூடாது, அவ்வளவுதான் அவர் ஆசை. அதற்காகப் பதிய எங்களிடம் வந்தார். ஒரு தடவை ஏறினால் நானே நினைத்தாலும் அழிக்க முடியாது என்றேன். அக்காவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. “அதான் லா வேணும்! என் கல்யாணத்துக்குக்கூட இவ்வளவு கேரண்டி யாரும் குடுக்கல.”

ஒரே ஒரு கேள்வி

“இந்தச் செடி வேற யார்கிட்டயாவது இருக்காக்கா?” விதிப்படி கேட்டேன். இல்லை என்று சொல்லித் தொலைத்திருக்கலாம். மனுஷி பெருமையாக விரல் விட்டு எண்ண ஆரம்பித்துவிட்டார். பக்கத்துத் தோட்டம், சர்ச், கோயில், கேட்டவர்களுக்கெல்லாம் தண்டு கிள்ளிக் கொடுத்திருக்கிறார். அங்கே செடி கேட்டு வந்தவரை வெறுங்கையோடு அனுப்புகிற பழக்கமில்லை. சட்டமோ, வருஷக்கணக்காக ஊரில் பரவிய செடியைப் புது ரகம் என்று ஒப்புக்கொள்ளாது.

மனசே வரவில்லை. ஆனாலும் முடியாது என்றேன். அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. “குடுத்தது தப்பா, தங்கச்சி?”

வியாபாரி வந்தார்

கொஞ்ச நாளில் பக்கத்து ஊரான கம்போங் ராஜாவிலிருந்து பூ வியாபாரி ஒருவர் அதே பூவோடு வந்து நின்றார். அவரே உருவாக்கியதாம்! எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமில்லை. ஆத்திரத்தை ரிப்போர்ட்டில் எழுத முடியுமா? நேரில் விசாரிக்க வேண்டும். அவரையும் காரில் ஏற்றிக்கொண்டு கோலா தெர்லா போனேன். வேலிக்கு வேலி அதே ஊதா நுனி. யாரைக் கேட்டாலும், மேரி அக்கா கொடுத்தது என்றுதான் பதில். வியாபாரிக்கும் ‘இல்லை’ என்றேன். மனுஷன் முறைத்தார். “ஊருக்கே சும்மா குடுத்துட்டா, அப்புறம் நான் எதை லா பதியறது?”

தகவல் சொல்லப் போனது

இனி அந்தப் பூவை எவனும் தன் பேரில் பதிய முடியாது, அதற்குக் காரணமே நீங்கள் ஊருக்குக் கொடுத்ததுதான் என்று மேரி அக்காவிடம் சொன்னேன். அக்கம்பக்கத்தார் சொன்னதையும் சொன்னேன். அக்கா நிமிர்ந்து பார்த்தார். “யார் குடுத்ததுன்னு கேட்டா எல்லாரும் என் பேரைத்தானே சொன்னாங்க? அப்ப பதிஞ்சாச்சு, போ.”

கண்டுபிடித்தவர் பெயர் அழியவே அழியாது என்று விளம்பரம் போடுகிற எங்கள் கம்பெனியில், அந்தப் பெயர் மட்டும் இன்றுவரை ஏறவில்லை.