மேலிருந்து மூன்றாவது இலை

வசந்தியம்மா போய்விட்ட செய்தியை எனக்குச் சொன்னவர் முனிரத்தினம் நைனா. நான் கூலிக்குப் போகும் கரும்புக் கழனி அவருடையது. வரப்பில் நின்று, "ஆபீசரம்மா தவறிட்டாங்களாம். நமக்கெல்லாம் தெய்வம் மாதிரி இருந்தாங்க" என்று துண்டால் கண்ணைத் துடைத்தார். எனக்கு அழுகைக்கு முன்னால் கோபம்தான் வந்தது.

அந்தம்மாவைத் தெரிந்த உங்களுக்குத்தான் சொல்கிறேன். அதிகம் படிக்காதவள் நான், பார்த்ததை எழுதுகிறேன்.

கரும்பு இடுப்பளவு நின்றபோது விவசாய ஆபீசிலிருந்து முதலில் வந்தார். பள்ளிப்பட்டுக்காரர், எங்கள் பேச்சுதான். பரிசோதனைக்கு இலை கேட்டார். நைனா சாமிக்குப் பூ பறிப்பதுபோல, எருக்குழி ஓரம் கருகருவென்று நின்ற இலைகளாகப் பொறுக்கி நீட்டினார். நல்ல இலை கொடுத்தால் நல்ல முடிவு வருமாம். அந்தம்மா வாங்கவில்லை.

"வூட்டுல காய்ச்சலா கீறவன வுட்டுட்டு, பக்கத்து வூட்டு பயில்வான் ரத்தத்த குடுக்கறீங்களே நைனா."

நாங்கள் சிரித்தோம். பிறகு என்னைக் கூட்டிக்கொண்டு கழனி முழுக்க நடந்தார். மேலிருந்து மூன்றாவது இலை, அதில் நடுத்துண்டு, அதிலும் நடுநரம்பை உரித்துவிட வேண்டும். நான் உரிக்க, அவர் உறையில் போட்டார்.

முடிவு வந்தது. தழைச்சத்து ஏகமாக இருக்கிறது, அதற்கு ஈடாகச் சாம்பல்சத்து இல்லை என்றார். "கொழம்புல உப்பு எவ்ளோன்னு மட்டும் பாத்தா போதுமா? புளிக்கு எவ்ளோன்னு பாக்க வாணாம்? எலையும் அப்படித்தான்." தழைச்சத்து தரும் யூரியாவை நிறுத்தி, சாம்பல்சத்துக்குப் பொட்டாஷ் போடச் சொன்னார். அவர் வண்டி திரும்பியதும் நைனா இன்னும் யூரியாவைத்தான் இறைக்கச் சொன்னார். கரும்பு காடாக வளர்ந்து காற்றில் சாய்ந்தது.

தைக் கிருத்திகைக்கு மலைக்கோயிலுக்கு நடந்து போகிறவர்களுக்கு நைனா வீட்டில் சர்க்கரைப் பொங்கல் போடுவார்கள். அதற்காக அந்தக் கரும்பில் நாங்கள் காய்ச்சிய வெல்லம் இறுகவில்லை. அச்சில் ஊற்றினால் களியாக ஒழுகியது. நைனா என்னைப் பார்த்தார். என் புருசன் செத்து ஒரு வருசம்கூட ஆகவில்லை.

"தாலியறுத்தவ கொப்பரகிட்ட நின்னா எப்பிடி எறுகும்?"

என்னோடு ஒரே தூக்கில் சோறு தின்ற பொம்பளைகள் தள்ளிப்போய் நின்றார்கள். அதன்பிறகு எந்த வெல்லக் கொட்டகையிலும் எனக்கு வேலை இல்லை என்றானது.

கேள்விப்பட்டு அந்தம்மா வந்தார். சாற்றை வாங்கிப் பார்த்தார். "இவளால கெடல நைனா, நீங்க கொட்டின யூரியாவால கெட்டுது. நானும் புருசன் இல்லாதவதான். நான் எறங்கின கழனில என்னா கெட்டுது, சொல்லுங்க" என்றார்.

அடுத்த வருசம் பொட்டாஷ் போட்டார்கள். அந்தம்மா பக்கத்தில் நிற்க, பாகைத் துழாவியது நான்தான். வெல்லம் கல்லாக இறுகியது. தப்பாகப் பேசிவிட்டோம் என்று ஒருத்தர் வாயிலும் வரவில்லை.

போன வாரம் அந்தம்மா பெயரில் நைனா ஊருக்குச் சர்க்கரைப் பொங்கல் போட்டார். படத்துக்கு ஆளுயர மாலை. கிண்டிக் கொடுக்கலாம் என்று அடுப்பண்டை போனேன்.

"நீ தள்ளி நில்லும்மா. நல்ல காரியத்துக்கு செய்யறது" என்றார்.

படத்தில் இருந்தவரும் தாலி இல்லாதவர்தானே. அந்தப் பொங்கல் எனக்கு வேண்டாம். ஆனால் நான் தள்ளி நிற்கவில்லை.

"நான் நின்னா என்னா கெடும், சொல்லுங்க நைனா."

அவர் மறுபடியும் துண்டை எடுத்துக் கண்ணைத் துடைத்தார். அந்தம்மா விட்டுப்போனதில் என்னிடம் இருப்பது இந்தக் கேள்விதான். எந்த அடுப்பண்டை தள்ளி நில் என்றாலும் இனி கேட்பேன்.